ஏழாம் கண்ணின் குறுக்குக் கம்பி

மே 4

கடல்பாலத்தில் ஐந்தாம் கண்ணும் இறங்கிவிட்டது. கடல் முனையிலிருந்து கரையை நோக்கி வெட்டிக்கொண்டே வருகிறோம். மொத்தம் இருபத்திரண்டு கண். ஒரு கண் என்றால் நான்கு தூண், மேலே உத்திரங்கள், தூணையும் தூணையும் பிடித்து வைக்கும் குறுக்குக் கம்பிகள்.

பாலிடெக்னிக்கில் தினமும் வேலைக்குறிப்பு எழுதச் சொன்னார்கள். டிப்ளமா கிடைக்கவில்லை. எழுதுகிற பழக்கம் மட்டும் மிச்சம். படித்த படிப்புக்கு இப்போது கையில் கேஸ் கட்டர்.

சட்டையில் புதிதாக மூன்று ஓட்டை. அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை வாங்க வேண்டும்.

மே 6

சுடலைமுத்து மேஸ்திரி புதிதாக வந்த இரண்டு பேருக்குப் பாடம் நடத்தினார். எங்களுக்கும் மறுபடி ஒருமுறை.

"மொதல்ல தலைப்பாரத்த எறக்கு. பெறவு குறுக்குக் கம்பி. கடைசியில தூணு. மேல பாரம் இருக்கையில குறுக்குக் கம்பியில எவன் கட்டர வைக்கானோ, அவன் எல்லாருக்கும் குழி வெட்டுதான்னு அர்த்தம்."

உத்திரமும் குறுக்குக் கம்பியும் தேனிரும்பு, கட்டரில் வெட்டலாம். தூண் வார்ப்பிரும்பு, வெட்ட வராது. ஒரே இடத்தில் சிவக்கச் சிவக்கச் சூடேற்றி வாளி கடல்நீரை அடித்தால் படீரென்று விரியும். சூடேற்றுவது நான். தண்ணீர் அடிப்பது கஸ்பார் அண்ணன். விரிகிற சத்தம் கேட்டதும் "ஒருத்தன் போனாம்ல" என்று ஒவ்வொரு தூணுக்கும் சொல்வார். அவருக்கு அதில் அலுப்பே கிடையாது.

இன்னொரு பாடம், கீழே வள்ளத்தில் நிற்பவனுக்கு: வெட்டுகிற கண்ணுக்குக் கீழே நிற்காதே, வெட்டாத கண்ணுக்குக் கீழே போய் நில். கஸ்பார் அண்ணன் அதை வேதம் மாதிரி கடைப்பிடிப்பார். பெல்ட் இல்லை, ஹெல்மெட் இல்லை, மிதவைச் சட்டை இல்லை. எங்களுக்கு இருக்கிற ஒரே பாதுகாப்புச் சாதனம் மேஸ்திரியின் வாய்தான். கான்ட்ராக்டர் ஜெயசீலன் கார் கண்ணாடியை இறக்காமலே போகிறார்.

மே 9

சென்னையிலிருந்து யாமினி மேடம் என்று ஒருவர் வந்திருக்கிறார். பழைய கட்டடங்களைக் காப்பாற்றும் சங்கமாம். பாலத்தை உடைக்கக் கூடாது என்று கேஸ் போடப்போகிறார்கள். மேஸ்திரியிடம் பேசினார், கான்ட்ராக்டரிடம் பேசினார், இருவரும் விரட்டினார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்களிடம் வந்து உட்கார்ந்தார். கை கொடுத்துப் பேசினார். எங்களுடையது கரி படிந்த கை. அவர் துடைத்துக்கொள்ளவில்லை. நல்லதையும் எழுதி வைக்க வேண்டும்.

இந்தப் பாலத்தைக் கட்டியது ஆம்ப்ரோஸ் கெல்வே என்ற இங்கிலீஷ் இன்ஜினியராம். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால். பெரிய ஆள். அவர் கட்டிய எதுவும் இப்போது இல்லை. சங்கிலித் தொங்குபாலத்தைப் பிரித்து விற்றுவிட்டார்கள். மரத்தாலான ரயில் பாலங்கள் உளுத்துப்போயின. மூன்று கப்பல் கட்டினார். ஒன்று எரிந்தது, ஒன்று பாறையில் ஏறியது. உலகத்திலேயே பெரியது என்று பெயர் வாங்கிய மூன்றாவதை இரும்புக்கு விற்று உடைத்தார்களாம். உடைக்கவே இரண்டு வருஷம் ஆனதாம்.

"ஆக, கெல்வே செஞ்சதில உலகத்துல மிச்சம் இருக்கிறது இது ஒண்ணுதான்" என்றார் மேடம். கண் கலங்கியிருந்தது.

"அப்ப அங்கயும் நம்மள மாரி ஆளு இருந்திருக்கான்" என்றார் கஸ்பார் அண்ணன். "அந்தக் கப்பல ஒடச்சவன். அவனுக்கு எங்கம்மா பேரு போட்டிருக்கு?"

மேடம் சிரித்தார். நல்ல கேள்வி என்றார்.

நானும் கேட்டேன். இந்தத் தூண்களின் அடி திருகு மாதிரி இருக்கும். கடலடி மணலில் மனிதர்களை வைத்துச் செக்கு சுற்றுவது போலச் சுற்றித்தான் இறக்கியிருப்பார்கள். கெல்வேயின் கை ஒரு சுற்றுச் சுற்றியிருக்குமா? சுற்றியவன் இந்த ஊர்க்காரன்தானே? மேடம் என்னை உற்றுப் பார்த்தார். "நீங்க என்ன படிச்சிருக்கீங்க?" என்றார். இரண்டு வருஷமாக யாரும் கேட்காத கேள்வி.

மே 12

ஆறாம் கண்ணில் வேலை தொடங்க பாரம் தூக்கி இறக்கும் வின்ச்சை ஏழாம் கண்ணின் மேலே ஏற்றினோம். நாள் முழுக்க அதே வேலை. முதுகு போய்விட்டது.

சாயங்காலம் எல்லோரும் இறங்கிய பிறகு யாமினி மேடம் வள்ளத்தில் வந்தார். பாலத்தில் கெல்வேயின் பெயர் எங்காவது இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தார். இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஏழாம் கண்ணில், உத்திரத்துக்குக் கீழே, பாசியும் சிப்பியும் மூடிய இரும்புப் பலகை. சுரண்டிக் காட்டினேன். பெயர், வருஷம், வார்ப்புச் சாலையின் பெயர். மேடம் கையை வாயில் வைத்துக்கொண்டார்.

"கோர்ட்டுக்கு இது போதும். ஃபோட்டோ எடுத்தா, போலின்னு சொல்லுவாங்க. இதையே எடுத்துட்டுப் போக முடியுமா? ஆணி எல்லாம் அப்படியே இருக்கணும். இல்லேன்னா கான்ட்ராக்டர் நாளைக்கே இதை உருக்கிடுவார்."

கட்டர் கையில் இருந்தது. வெட்டிக் கொடுத்தேன். பணம் நீட்டினார், வாங்கவில்லை. அவர் போன் நம்பர் கொடுத்தார். சங்கத்தில் டிப்ளமா படித்த ஆட்களுக்கு வேலை இருக்கிறதாம்.

மீன் மலிவு. அம்மா சாளைக் குழம்பு வைத்திருந்தாள்.

மே 13

விடுமுறை. துணி துவைத்தேன்.

மே 14

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

காலையில் கடல் சும்மா கிடந்தது. மேஸ்திரி கரையில் சிலிண்டர் லாரியைப் பார்க்கப் போயிருந்தார். ஆறாம் கண்ணின் உத்திரத்தை வெட்டி, ஏழாம் கண்ணின் மேல் இருக்கும் வின்ச்சில் தொங்கவிட்டு இறக்க வேண்டும். கஸ்பார் அண்ணன் கீழே வள்ளத்தில். ஏழாம் கண்ணுக்குக் கீழே நுழைவதற்கு முன்னால் மேலே பார்த்துக் கத்தினார்:

"எலேய் இருதயம், இதுல ஒண்ணும் கை வைக்கலல்லா? எல்லாம் இருக்குல்லா?"

நான் கட்டரின் நாசிலை மாற்றிக்கொண்டிருந்தேன். தலையாட்டினேன்.

உத்திரம் அறுந்து வின்ச்சில் தொங்கியதும் ஏழாம் கண் நடுங்கியது. கடற்பக்கத் தூண் இரண்டும் கால் அகட்டியதைப் பார்த்தேன். தூண் விரிகிற அந்தச் சத்தம். இரண்டு முறை. வின்ச், உத்திரங்கள் எல்லாம் ஒரே சரிவில் கீழே. ஒரு முனை மட்டும் கரைப்பக்கத் தூணில் மாட்டித் தண்ணீருக்கு மேலே தொங்குகிறது. மறு முனை கடலடியில்.

வள்ளத்தின் ஒரு பலகை மிதந்து வந்தது. அவர் வரவில்லை.

பெல்ட் இல்லை. மிதவைச் சட்டை இல்லை. அவ்வளவு கனமான வின்ச்சை இந்தத் துருப்பிடித்த இரும்பின் மேல் ஏற்றச் சொன்னவன் கான்ட்ராக்டர். இதை யார் கேட்டாலும் சொல்வேன். எந்தக் கோர்ட்டிலும் சொல்வேன்.

மே 15

காலையில் சங்கு குளிப்பவர்கள் நான்கு பேர் மூழ்கினார்கள். நாலு பாகம் ஆழம். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். கலங்கல், ஒன்றும் தெரியவில்லை என்றார்கள்.

கான்ட்ராக்டர் போலீஸிடம் சொல்கிறார்: "அந்தாளு நேத்து வேலைக்கே வரலயே. எங்கயாவது குடிச்சிட்டுக் கெடப்பான்." கஸ்பார் அண்ணன் குடித்து நான் பார்த்ததில்லை.

மதியம் கோர்ட் தடையாணை வந்தது. ஒருநாள் முன்னால் வந்திருந்தால் வேலையே நடந்திருக்காது. இன்று வந்தது.

மே 16

சங்கு குளிப்பவர்களில் மூத்தவர் செபாஸ்தி மறுபடி மூழ்கினார். வெளியே வந்து வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். பிறகு சொன்னார்: "கை தெரியுது. உத்திரத்துக்கு அடியில. இழுத்துப் பாத்தேன், வரல."

இனிமேல் வேலைக்கு வரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

மே 17

தீயணைப்புத் துறை வந்தது. மேலே தொங்கும் முனையை வெட்டிவிட்டு, உத்திரத்தைப் படகு கட்டி இழுத்தால்தான் ஆளை எடுக்க முடியும் என்றார்கள். தாசில்தார் ஆணையை எடுத்துப் படித்தார். பாலத்தின் எந்தப் பாகத்தையும் வெட்டவோ அகற்றவோ நகர்த்தவோ கூடாது.

"கோர்ட்ல விளக்கம் கேட்டிருக்கோம். இப்ப லீவு. விடுமுறைக் கோர்ட்டுல சீக்கிரம் எடுப்பாங்க. ஒரு வாரம்..."

கஸ்பார் அண்ணனின் மனைவி மெர்சலின் மதினி அதுவரை மணலில் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்தார்.

"எந்தப் பாகத்தையும் நகத்தக் கூடாதா சார்?"

"ஆமாம்மா, ஆர்டர் அப்படித்தான் இருக்கு."

"அப்ப எம்புருசனும் பாலத்துல ஒரு பாகமா?"

தாசில்தார் தாளை மடித்துப் பையில் வைத்தார்.

மே 19

எங்கள் கரையில் உடல் வராமல் மாதா கோயிலில் துக்கமணி அடிக்க மாட்டார்கள். கடலுக்குப் போனவன் எங்காவது கரை ஏறித் திரும்பி வந்துவிடலாம் என்று. மணி அடிக்கும்வரை வீட்டில் வாய்விட்டு அழக் கூடாது. வராதவனுக்கும் சேர்த்து உலை வைக்க வேண்டும்.

மதினி வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு தட்டு சோறு மூடி வைத்திருந்தது. கை தெரிகிறது என்று செபாஸ்தி சொன்ன பிறகும். பங்குச்சாமி மணி அடிக்கலாம் என்றாராம். மதினி வேண்டாம் என்றுவிட்டார்.

"கைய மட்டும் வச்சு மணி அடிக்கவா? முழுசா வரட்டும்."

என்னைப் பார்த்து, "நீ சாப்டியா தம்பி? ஏன் இப்படிக் கருத்துப் போன?" என்றார். சாப்பிட்டேன் என்றேன்.

மே 21

பேப்பரில் வந்திருக்கிறது. கால் பக்கம். யாமினி மேடம் பலகையை இரண்டு கையிலும் ஏந்தி நிற்கிறார். 'மாமேதையின் கடைசிச் சின்னம் மீட்பு.' கெல்வே எந்த ஊரில் பிறந்தார், எத்தனை சுருட்டுப் பிடிப்பார் என்றெல்லாம் இருக்கிறது. கடைசி வரியில், இடிப்புப் பணியின்போது தொழிலாளி ஒருவர் காணாமல் போனதாகக் கூறப்படுகிறது. பெயர் இல்லை. கூறப்படுகிறது!

செத்து நூறு வருஷம் ஆனவனுக்குக் கால் பக்கம். ஒரு வாரமாகத் தண்ணீரில் கிடப்பவனுக்கு அரை வரி.

மேஸ்திரி டீக்கடையில் அந்தப் படத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். பலகை ஒரு பட்டைக் கம்பியோடு சேர்ந்திருக்கிறது. கம்பியின் இரண்டு முனையும் படத்தில் பளிச்சென்று தெரிகிறது. பேப்பரை நான்காக மடித்து என் சாப்பாட்டுத் தூக்கின் மேல் வைத்துவிட்டு எழுந்து போனார். டீயைக் குடிக்கவில்லை.

மே 22

மேஸ்திரி ஊருக்குப் போய்விட்டாராம். தென்காசிப் பக்கம். சொல்லிக்கொள்ளவில்லை.

மே 23

யாமினி மேடத்துக்குப் போன் செய்தேன். தொங்குகிற உத்திரத்தை மட்டும் வெட்ட விடுங்கள் என்று கோர்ட்டில் சொல்லுங்கள் என்றேன்.

"சொல்லியிருக்கோம் இருதயராஜ். மனிதாபிமான அடிப்படையில எங்களுக்கு ஆட்சேபணை இல்லன்னு எழுதிக் கொடுத்திருக்கோம். ஆனா எந்த இடத்துல, எப்படி வெட்டணும்னு நிபுணர் வந்து பார்க்கணும். நிபுணர் சென்னையிலேர்ந்து வரணும்."

"அதுக்குள்ள மீன் விடாது மேடம்."

அவர் அழுதார். உண்மையாகத்தான் அழுதார். அந்த அழுகையை வைத்து நான் என்ன செய்ய?

பிறகு கேட்டார்: "அந்தக் கண் எப்படி விழுந்துச்சுன்னு ஏதாவது தெரிஞ்சுதா?"

வின்ச் பாரம் என்றேன்.

மே 24

மேற்கிலிருந்து கச்சான் காற்று தொடங்கிவிட்டது. தண்ணீர் புரள்கிறது. இன்னும் நான்கு நாள் போனால் யாரும் மூழ்க முடியாது என்கிறார் செபாஸ்தி.

மே 25, ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வந்ததும் மதினி கோயில் படியில் நின்றார். என்னைக் கைநீட்டிக் கூப்பிட்டார்.

"தம்பி, ஒன் கட்டர் எங்க இருக்கு?"

"கொட்டகையில."

"எடு."

ஒன்பது படகு வந்தது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. கரையில் இரண்டு போலீஸ்காரர்கள் இருந்தார்கள். ஒருவர் செல்போனில் பேசிக்கொண்டே ஓடி வந்து, "எம்மா, இது கோர்ட் விஷயம், உள்ள போட்ருவாங்க" என்றார். செபாஸ்தியின் மனைவி, "கோர்ட்ட கூட்டிட்டு வாரும், அதையும் படகுல ஏத்திக்கிடுதோம்" என்றாள். இளைய போலீஸ்காரர் சிரித்துவிட்டார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு கடலைப் பார்த்து நின்றார்.

சிலிண்டரைப் படகில் கட்டினோம். மதினி வரக் கூடாது என்றார்கள். ஏறி உட்கார்ந்துவிட்டார்.

தொங்கும் முனையில் இரண்டு உத்திரம். கரைப்பக்கத் தூணில் ஏறி, காலை வளைத்துப் பிடித்துக்கொண்டு வெட்டினேன். கீழே படகு ஆடியது. தீப்பொறி மதினியின் சேலையில் விழுந்தது, அவர் தட்டிவிடவில்லை. செபாஸ்தியின் மகன் ஈரச் சாக்கைப் போட்டு அணைத்தான். முதல் உத்திரம் போனது. இரண்டாவது போகும்போது தூண் முனகியது. படகுகள் வடம் கட்டி எஞ்சினை முறுக்கின. உத்திரம் கடலடி மணலைக் கலக்கிக்கொண்டு தெற்கே நகர்ந்தது.

செபாஸ்தி மூழ்கினார். இரண்டாம் முறை மூழ்கியபோது கொண்டுவந்தார்.

அதை எழுத மாட்டேன். கழுத்தில் உத்தரியம் இருந்தது, மாதா படம் தைத்த கயிறு. அதை வைத்துத்தான் அடையாளம்.

துணி சுற்றி மதினியின் காலடியில் கிடத்தினார்கள். அவர் அழவில்லை. மணி இன்னும் அடிக்கவில்லையே. படகு திரும்பும்போது கரைப்பக்கத் தூணை உரசிக்கொண்டு போனது. தூணில் குறுக்குக் கம்பியின் ஒரு சாண் துண்டு நீட்டிக்கொண்டிருந்தது. மதினி அதைப் பிடித்துப் படகை நிறுத்தினார்.

"இத யாரு வெட்டுனது? நீ இப்ப மேலதான வெட்டுன?"

"துரு தின்னுருக்கும், மதினி."

அவர் கட்டைவிரலை அந்த முனையில் வைத்து மேலிருந்து கீழே ஒருமுறை தடவினார். பிறகு அதே மாதிரி மறுபடி ஒருமுறை. என் முகத்தைப் பார்க்கவில்லை. கம்பியை விட்டார். படகு நகர்ந்தது.

கரைக்கு வரும்முன்னே மணி அடிக்கத் தொடங்கியது. அப்போதுதான் அழுதார். பதினோரு நாள் அழுகை.

மே 26

அடக்கம். சவப்பெட்டியை நான் தூக்கினேன். முன்பக்கம், இடது.

மே 27

கைது. புராதனச் சின்னத்தைச் சேதப்படுத்தியது, நீதிமன்ற ஆணையை மீறியது. இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டே கேட்டார்: "ஒம்பது படகு போச்சே, வெட்டுனது நீ ஒருத்தன்தானா?"

"நான் ஒருத்தன்தான்."

"ஏழாம் கண்ணுல வெட்டு எல்லாமே உன்னோடதா?"

"ஆமா."

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் தெரியாமல்தான் கேட்டிருப்பார். இந்த நாட்டில் ஒரு மனிதன் செத்ததற்கு எஃப்.ஐ.ஆர். இல்லை. இரும்பை வெட்டியதற்கு இரண்டு பிரிவு. கான்ட்ராக்டர் நேற்று வேறு டெண்டருக்குப் போயிருக்கிறார்.

ஜூன் 3

ஜாமீன். யாமினி மேடத்தின் சங்கமே வக்கீல் வைத்தது. தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்து. ஊரைவிட்டுப் போவதென்றால் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

ஊரில் எல்லோரும் கைகுலுக்குகிறார்கள். டீக்கடையில் காசு வாங்க மறுக்கிறார்கள். "நம்ம பய" என்கிறார்கள். டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

ஜூன் 5

அம்மா மாத்திரை. ரேஷன் அரிசி. ஜன்னல் கொக்கி சரிசெய்தேன்.

ஜூன் 8

மேடம் போன். பலகையைச் சென்னையில் அவர்கள் சங்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்களாம். கீழே ஒரு சின்ன அட்டையில் கஸ்பார் அண்ணன் பெயரையும் போடலாமா என்று கேட்டார். எழுத்துப் பிழை வரக் கூடாது என்பதற்காகக் கேட்டாராம். எழுத்தைக் கூட்டிச் சொன்னேன். நல்ல காரியம்தான்.

ஜூன் 11

சாயங்காலம் மெர்சலின் மதினி வந்தார். வெள்ளைச் சேலை. உள்ளே கூப்பிட்டும் வரவில்லை, வாசலிலேயே நின்றார். கையில் பழைய பேப்பர், நான்காக மடித்தது. கால் பக்கப் படம் மேலே தெரிந்தது.

"இந்தப் பலக எங்க இருக்கு தம்பி?"

"மெட்ராசுல. கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காவ."

"போனா பாக்க விடுவாவளா?"

"விடுவாவ."

"என்னயக் கூட்டிட்டுப் போ. பகல் பஸ்ஸுல. எனக்கு அந்த ரெண்டு முனையையும் பாக்கணும்."

சேலை முந்தியில் ஒரு நூல் முடிந்திருந்தார். இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்ட சின்ன நூல். தூணில் மிச்சமிருக்கும் பட்டைக் கம்பியின் அகலம் இருக்கும்.

சரி மதினி என்றேன்.

"நீ எதுக்கும் ஸ்டேஷன்ல கேட்டுக்க" என்றார். "விடலன்னா நான் தனியாப் போயிருவேன்."

ஜூன் 12

காலையில் கையெழுத்துப் போடப் போனபோது இன்ஸ்பெக்டரிடம் கேட்டேன். சென்னைக்குப் போக வேண்டும், இரண்டு நாள். கேஸ் இருக்கிறதே, விட மாட்டீர்கள்தானே என்றும் கேட்டேன். அவர் தலை நிமிர்ந்து என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். எதற்கு என்றார். கஸ்பார் அண்ணன் மனைவியைக் கூட்டிக்கொண்டு போக என்றேன்.

உடனே அனுமதி கொடுத்துவிட்டார்.